பச்சோந்தியின் அட்டையில் நான் எழுதவைத்த வரி

நான் வேலை செய்த மிருக வைத்தியசாலையில் ஒரு விதி இருக்கிறது. பிராணியைக் கொண்டுவருபவருக்கு ஆங்கிலம் போதாதென்றால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும். அங்கே வேலை செய்கிற எவரும், அது தன் தாய்மொழியாகவே இருந்தாலும், இடையில் நின்று பேசக்கூடாது. போன மாதம் பழைய சகாக்களுடன் கோப்பி குடிக்கப் போனபோது, புதிதாகச் சேர்ந்த தமிழ்த் தாதி ஒருத்தி இதைப் பற்றி என்னிடம் குறைப்பட்டாள்.

"அங்கிள், என்ர சொந்த அன்ரி முயலைக் கொண்டு வந்தவ. நான் பக்கத்தில நிக்கிறன். ஃபோன்ல ஆரோ ஒராள் தமிழ் கதைக்கிறார். ரொட்டலி ஸ்டூப்பிட் ரூல்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் கோப்பியைக் கீழே வைத்தேன். அந்த விதி வந்ததற்குக் காரணம் நான். அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை என்று தெரிந்தது. ஆகவே நானே எழுதிவைக்கிறேன்.

என்னைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஊரில் மிருக வைத்தியம் படித்து எட்டு வருடம் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் ஊசி போட்டவன். சிட்னிக்கு வந்தபிறகு அந்தப் படிப்பை இங்கே செல்லுபடியாக்கும் பரீட்சையை இரண்டு தரம் எழுதித் தோற்றேன். மூன்றாம் தரம் எழுதப் போகவில்லை. வெஸ்ட்மீட்டுக்குப் பக்கத்தில், நாய் பூனையை எடுக்காமல் பறவைகளையும் ஊர்வனவற்றையும் மட்டும் பார்க்கிற ஒரு சின்ன வைத்தியசாலையில் தாதியாகச் சேர்ந்து, பின்னறையில் இருந்த ஆய்வுகூடத்தையும் பார்த்துக்கொண்டேன். டொக்டராக இருந்தவன் டொக்டரின் கையாளாகப் போனதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு புழுக்கம் இருந்தது. அது கடைசிவரை போகவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததில் அதற்கும் பங்குண்டு.

வைத்தியசாலையின் சொந்தக்காரி டொக்டர் ஹேலி. உயர்ந்து மெலிந்த பெண்மணி. குரலை உயர்த்தமாட்டார், பாராட்டவும்மாட்டார். 2009இல் நான் சேர்ந்த முதல் வாரம், நீலநாக்குப் பல்லி ஒன்றுக்குப் பின்னங்காலில் ஊசி போடப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். ஊர்வனவற்றில் பின்பக்கத்து இரத்தம் முதலில் சிறுநீரகத்துக்குத்தான் போகும். மருந்து உடலுக்குப் போய்ச் சேருமுன் வடிந்துவிடும், சிறுநீரகமும் கெட்டுப்போகலாம். எப்போதும் முன்னங்கைத் தசையில் போடு என்றார். அவ்வளவுதான். பிறகு என் மணிக்கட்டை விட்டார்.

இன்னொரு நாள், கிருமி வளர்க்கும் தட்டு ஒன்றை ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வளரவில்லையென்று குப்பையில் போட்டேன். மாட்டு வைத்தியத்தில் எனக்கு அது பழக்கம். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு குப்பைக்குள்ளிருந்து தட்டை எடுத்து மறுபடி கிருமி வளர்க்கும் வெப்பப் பெட்டிக்குள் வைத்தார். குளிர்ந்த இரத்தப் பிராணியின் கிருமி குளிர்ச்சியில், மெதுவாகத்தான் வளரும். நாலு நாள் பொறு என்றார். நாலாம் நாள் அந்தத் தட்டில் வளர்ந்திருந்தது. அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அவருடைய வழக்கம் ஒன்றை விவரமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு அட்டை தொங்கும். எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் நோய், முன்னர் என்ன மருந்து கொடுத்தார்கள் எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கும். காலையில் கூண்டைத் திறக்குமுன் அந்த அட்டையை நின்றபடி சத்தமாக வாசிப்பார். நேற்று வாசித்ததுதானே என்று விடமாட்டார். பிராணி வாய் திறந்து தன் கதையைச் சொல்லாது, அதனால் அட்டைதான் அதன் வாய் என்று ஒருமுறை சொன்னார். அதன் பிறகே எடை பார்ப்பது, வாயைத் திறப்பது எல்லாம். கிருமி எது என்று தட்டு சொல்லும்வரை, பிராணி செத்துக்கொண்டிருந்தாலொழிய, அன்ரிபயோடிக் தொடமாட்டார்.

2012இல்தான் தவராசா வந்தார்.

தவராசாவுக்கு அப்போது நாற்பதுக்கு மேல். முல்லைத்தீவுப் பக்கம் மோட்டார் திருத்துகிற வேலை பார்த்தவர். 2010இல் படகில் வந்து, இரண்டு வருடம் தடுப்புமுகாமில் இருந்துவிட்டு, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டிருந்தார். கிரவீனில் ஒரு வீட்டின் பின்னாலிருந்த கராஜ் அறையில் இன்னொருவருடன் வாடகைக்கு இருந்தார். மனைவியும் மகளும் வவுனியாவில். அகதிக் கோரிக்கை முதல் தரம் நிராகரிக்கப்பட்டு மறுபரிசீலனைக்குக் காத்திருந்தார். அது சரிவந்தால் அவர்களைக் கூப்பிடலாம், சரிவராவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அவருடைய பேச்செல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகும் ஞாயிறுகளில் அவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். அப்படித்தான் பழக்கம்.

ஒரு திங்கட்கிழமை காலை போன் எடுத்தார்.

"அண்ணை, நான் ஒரு ஓணான் வளக்கிறனான். வாய் வீங்கிப்போய்க் கிடக்கு. ஒண்டும் தின்னுதில்லை. உங்கட இடத்துக்குக் கொண்டு வரட்டே?"

இந்த நாட்டில் ஓணான் வளர்ப்பவர்கள் ஆயிரம். தாடி ஓணான் என்று பாலைவனத்து ஓணான் ஒன்று கடையிலேயே கிடைக்கும். அதுதான் என்று நினைத்துக் கொண்டு வரச் சொன்னேன்.

அவர் கொண்டுவந்த சப்பாத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்தது பச்சோந்தி. இடுக்கி மாதிரியான கால்கள், சுருண்ட வால், ஒன்று என்னையும் மற்றது சுவரையும் பார்க்கும் கண்கள். அவுஸ்திரேலியாவில் பச்சோந்தி கிடையாது. வெளிநாட்டு ஊர்வன எதையும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். கள்ளமாகக் கொண்டுவந்து விற்கிறார்கள், பிடிபட்டால் வழக்கு. அந்த மாதங்களில் படகில் வந்தவர்களிடையே ஒரே பேச்சு, சின்னக் குற்றச்சாட்டு ஒன்று வந்தாலே விசா போய் மறுபடி உள்ளே என்பதுதான்.

தவராசாவை எச்சரிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. டொக்டர் ஹேலி அறைக்குள் வந்துவிட்டார். பெட்டிக்குள் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, இது எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாக வைத்திருக்கிறார், என்ன மருந்து கொடுத்தார் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

"நாலு மாசமண்ணை. எனக்கு முன்னம் அந்த அறையில இருந்தவன் கூட்டோட விட்டிட்டுப் போட்டான். வீட்டுக்காரன் குப்பையில போடச் சொன்னவன், உயிரெல்லே, எனக்கு மனம் வரேல்லை. பத்து நாளைக்கு முன்னம் வாய் வீங்கத் துவங்கினது. என்னோட இருக்கிறவரிட்டக் கொழும்பால வந்த சிப்ரோ குளிசை இருந்தது. அதில துளியளவு கரைச்சு ஒவ்வொரு நாளும் விட்டனான்."

சிப்ரோ மனிதருக்குக் கொடுக்கிற அன்ரிபயோடிக். எங்கள் ஆட்களின் வீடுகளில் இது சாதாரணம். ஊரிலிருந்து வருபவர்கள் குளிசைக் கட்டோடுதான் வருவார்கள். மிச்சம் இருந்தால் அடுத்த வீட்டுக் காய்ச்சலுக்குப் போகும். ஓணானுக்குப் போனது புதுமையல்ல.

நான் டொக்டரைத் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: "நேற்று வீட்டுப் பின்வளவில் கண்டு எடுத்திருக்கிறார். மருந்து எதுவும் கொடுக்கவில்லை."

"அவர் அதைவிட நீளமாகச் சொன்னாரே" என்றார் டொக்டர்.

"தமிழில் எல்லாம் நீளம்தான்" என்றேன்.

அவர் எழுதினார். பின்வளவில் நேற்றுக் கண்டெடுத்தது. மருந்து எதுவும் இல்லை.

என் கணக்கு எனக்கு மிகத் தெளிவாக இருந்தது. நாலு மாதம் என்றால் வைத்திருந்த குற்றம். நேற்று என்றால் நல்ல மனிதர், கண்டெடுத்து ஒப்படைத்தவர். நேற்று என்று சொன்னபிறகு பத்து நாள் மருந்து என்று சொல்ல வழியில்லை, அதனால் அதையும் விழுங்கினேன். அகதிக் கோரிக்கைகளில் கதையைக் கொஞ்சம் செப்பனிட்டுக் கொடுக்கிற பெரிய மனிதர்கள் எங்கள் சமூகத்தில் எத்தனையோ பேர். அவர்களைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டவன். அன்று நானும் அந்த வரிசையில் போய் நின்றேன். மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எடுபிடி என்றாலும் நான் நினைத்தால் ஒரு மனிதனைக் காப்பாற்றலாம் என்ற பெருமை.

வாசலில் தவராசா கேட்டார். "அண்ணை, 'யெஸ்டர்டே' எண்டனீங்கள். ஏன்?"

"நீர் பேசாம இரும். இது வைச்சிருக்கக் கூடாத சாமான். ஆரும் வந்து கேட்டா நேற்றுத்தான் கண்டனான் எண்டு சொல்லும். மிச்சம் நான் பாக்கிறன்."

"பொய்யெல்லே அண்ணை? இன்ரவியூவில எல்லாத்திலயும் உண்மை சொல்லச் சொல்லி லோயர் சொன்னவர்."

"அது வேற, இது வேற. போட்டு வாரும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். என்னை நம்பினார்.

டொக்டர் ஹேலி சட்டப்படி, வெளிநாட்டுப் பிராணிகளைக் கவனிக்கும் அரச திணைக்களத்துக்கு அறிவித்தார். பிராணியை எடுக்க வருவோம், அதுவரை வைத்துப் பாருங்கள், சுகமானால் ஒரு மிருகக்காட்சிசாலை ஏற்கலாம், இல்லாவிட்டால் கருணைக்கொலை என்று சொன்னார்களாம்.

வாயைத் திறந்து பார்த்தோம். கீழ்த்தாடை ஒருபக்கம் வீங்கி, பல்முரசின் ஓரத்தில் மஞ்சளாகச் சீஸ் துண்டு போல ஒட்டியிருந்தது. ஊர்வனவற்றின் சீழ் ஓடாது, கட்டியாகத்தான் இருக்கும். அதைச் சிறு கரண்டியால் சுரண்டி எடுத்து, கிருமிநாசினி கலந்த நீரால் கழுவி, அடியிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்தேன். தட்டில் கோடு கோடாக இழுத்து, பெட்டியில் முப்பது பாகை வெப்பத்தில் வைத்தேன். எடை நூற்றுநாலு கிராம். கண்கள் உள்ளே போயிருந்ததால் தோலுக்குக் கீழே சேலைன் ஏற்றினோம். இலை வைத்த கூண்டில் விட்டு, மேலே விளக்குப் போட்டு, இரண்டு மணிக்கொரு தடவை நீர் தெளித்தோம். அது கரும்பழுப்பாகக் கிளையில் பிடித்தபடி பகலிலும் கண்ணை மூடிக்கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை டொக்டர் ஹேலி அட்டையை எடுத்து வாசித்தார். பின்வளவில் கண்டெடுத்தது, மருந்து எதுவும் இல்லை. புதனும் வாசித்தார். அவருடைய அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலில் என் பொய் எனக்கே திரும்பி வந்தது. வியாழனும் வாசித்தார். நான் அவருக்குப் பின்னால் எடைத் தட்டைப் பிடித்தபடி நின்றேன். வாயைத் திறந்தால் தவராசாவின் நாலு மாதமும் வெளியே வரும். திறக்காவிட்டால் இந்தப் பிராணியின் வைத்தியம் வழி தவறும். இரண்டும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை தட்டு வெறுமையாக இருந்தது. நாலு நாள் முழுதாகப் போயிருந்தது, ஒரு புள்ளிகூட இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். சிப்ரோவின் மிச்சம் வாயில் இருக்கும்போது எடுத்த மாதிரியில் கிருமி எப்படி வளரும்? டொக்டர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அட்டையை மறுபடி வாசித்தார்.

"மருந்தே படாத வாய். நாலு நாளில் ஒன்றும் வளரவில்லை. அப்படியென்றால் இது பக்டீரியா இல்லை. பூஞ்சணத்துக்குப் போவோம்."

அவர் நியாயமாகத்தான் யோசித்தார். அட்டை பொய் சொல்லும் என்று அவருக்குத் தெரியாது. பூஞ்சண மருந்தை நானே அளந்து, நானே வாயில் விட்டேன். இன்றும் அதை நினைத்தால் என் கைகளை எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்த வாரம் நடுவில் திணைக்களத்து அதிகாரிகள் இருவர் கிரவீனுக்குப் போனார்கள். தவராசா நான் சொல்லிக்கொடுத்தபடி நேற்றுக் கண்டது என்ற கதையைச் சொன்னார். வீட்டுக்காரரைக் கேட்டார்கள். அந்தப் பல்லி மாதக்கணக்காகக் கராஜில் இருக்கிறது, நான்தான் எறியச் சொன்னேன் என்றார் அவர். கூடும் விளக்கும் அங்கேயே இருந்தன. மறுபடி கேட்டபோது தவராசா எல்லா உண்மையையும் சொல்லிவிட்டார், குளிசை உட்பட. ஒன்றைத் தவிர. முதலில் ஏன் பொய் சொன்னாய் என்றதற்கு, பயத்தில் நானாகத்தான் சொன்னேன் என்றார்.

அன்று பின்னேரம் அதிகாரி டொக்டருக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். பேசி முடித்ததும் டொக்டர் எனக்கு விளக்கினார். முன்னைய குடியிருப்பாளர் விட்டுப்போனதாம், இவரே வைத்தியத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார், அது தானாக ஒப்படைத்ததாகவே கணக்கு. முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு படிவத்தில் கையெழுத்தோடு முடிந்திருக்கும். இப்போதும் வழக்கில்லை. ஆனால் பொய்யான தகவல் கொடுத்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை, அது அவருடைய குடிவரவுக் கோப்பிலும் சேரும்.

"பத்து நாள் சிப்ரோ" என்றார் பிறகு. "உங்களிடமும் பொய் சொல்லியிருக்கிறார்."

நான் "ஓம்" என்றேன். ஆங்கிலத்தில் 'யெஸ்' என்பதற்குப் பதில் தமிழில் வந்துவிட்டது. ஆனால் பொருள் ஒன்றுதான்.

முதல் தரத்தைவிட ஆழத்திலிருந்து மறுபடி மாதிரி எடுத்தேன். இந்தத் தரம் இரண்டாம் நாளே தட்டில் பச்சை படர்ந்தது. மூடியைத் திறந்தபோது கனிந்த முந்திரிகைப் பழத்தின், அதாவது திராட்சையின், வாசம். சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு அப்படியொரு வாசம். மருந்து தோய்த்த சின்னக் கடதாசி வட்டங்களை வைத்துப் பார்த்தோம். சிப்ரோ வட்டத்தைச் சுற்றிக் கிருமி ஒட்டியே வளர்ந்திருந்தது. துளித் துளியாகக் கொடுத்ததில் மேலே இருந்தது மட்டும் செத்து, ஆழத்தில் தப்பிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. வேறொரு மருந்தின் வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் நல்ல இடைவெளி விழுந்தது. மூன்று நாளுக்கொரு தடவை முன்னங்கையில் ஊசி. இரண்டு ஊசி போட்டோம். எடை எண்பத்தெட்டுக்கு வந்திருந்தது. எக்ஸ்ரேயில் தாடையெலும்பு அரித்துப்போய்ப் பூச்சி தின்ற மரம்போல் தெரிந்தது. மூன்றாம் ஊசிக்கு வாயைத் திறந்தபோது தாடை என் விரலில் மளுக்கென்று விட்டுக்கொடுத்தது.

டொக்டர் ஹேலி பென்சிலைக் கீழே வைத்தார். நான் பிடித்தேன், அவர் கடைசி ஊசியைப் போட்டார். செத்த பிறகு அதன் உடல் மெல்ல மெல்ல வெளிறியது. "சிப்ரோ கொடுத்தது தெரிந்திருந்தால் முதல் நாளே இந்த ஊசியைத் தொடங்கியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

நான் வேலையில் தொடர்ந்தேன். தவராசாவைக் கோயிலுக்கும் ஏற்றிக்கொண்டு போனேன். காரில் பின்னாலும் ஆட்கள் இருப்பார்கள், இதைப் பற்றி இருவரும் பேசவில்லை. 2013இல் மறுபரிசீலனை முடிவு வந்தது. கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார். கராஜ் அறையில் இருந்த ஒரே கதிரையில் என்னை இருத்தி, தான் கட்டிலில் இருந்தார்.

நீண்ட கடிதம். பல இடங்களில் அவர் சொன்னதை நம்பவில்லை. நடுவில் ஒரு பந்தி பச்சோந்தியைப் பற்றி. ஒரு விசாரணையில் தனக்கு வசதியாக ஒரு கதையைச் சொல்லி, பிடிபட்டபின் மாற்றியிருக்கிறார். தேவைப்பட்டால் கதையை மாற்றக்கூடியவர் என்பதை இது காட்டுகிறது. அந்தப் பந்தியால் மட்டும்தான் எல்லாம் போனது என்று சொல்ல முடியாது, லோயரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பந்திகள் எல்லாம் அதன்மேல்தான் ஏறி நின்றன.

சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவம், நீர் ஏன் என்ர பேரைச் சொல்லேல்லை?"

"சொன்னா உங்கட வேலை போயிடுமெண்டு நினைச்சனண்ணை. இந்த வயசில வேற வேலை ஆர் தருவினம்? எனக்காகத்தானே நீங்கள் வாய் திறந்தனீங்கள்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழுதேன்.

அடுத்த நாள் டொக்டர் ஹேலியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இராஜினாமாக் கடிதமும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் பழைய அட்டையைத் தேடி எடுத்தார். அதை வாசித்தார். பிறகு பென்சிலை என்னிடம் தந்து, உண்மையானதைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார்.

"அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கும் உங்களை நிறுத்தியிருக்கமாட்டேன். இனி நீங்கள் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டாம். இங்கே வேலை செய்கிற வேறு யாரும் வேண்டாம்."

நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை லோயர் கோர்ட்டுக்கு அனுப்பினார். மறுபரிசீலனை முடிவில் சட்டப் பிழை உண்டா என்று மட்டுமே பார்ப்போம், புதுச் சாட்சியம் எடுக்கமுடியாது என்றுவிட்டார்கள். அந்த வருடக் கடைசியில் தவராசாவை மறுபடி தடுப்புமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். இனிக் காத்திருக்க ஏலாதென்று திரும்பிப் போகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

போவதற்கு இரண்டு நாள் முன்பு பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். மகளுக்கு வாங்கிய சப்பாத்து அளவாக இருக்குமோ என்று கவலைப்பட்டார். நேரம் முடிந்ததென்று காவலர் வந்து நின்றபோது கேட்டார்.

"அண்ணை, டொக்டரிட்டச் சொன்னனீங்களாம், லோயர் சொன்னவர். உங்கட வேலைக்கு ஒண்டும் வரேல்லைத்தானே?"

"இல்லைத் தவம். ஒண்டும் வரேல்லை."

"அப்ப நான் அப்பவே சொல்லாம விட்டது நல்லதாப் போச்சு" என்றார். நான் பார்க்க வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த வேலைக்கு ஒருநாளும் ஆபத்து இருந்ததில்லை என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.